தூண்டில் ராடு மாட்ட சுவர் ஸ்டாண்டு: முதலில் திருகைப் பாருங்கள்

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் வீடு என்றால் குரோம் பூச்சு இரும்பு ஸ்டாண்டு வேண்டாம். உப்புக்காற்றில் துருப்பிடித்துச் சுவரிலும் கறை இறங்கும். பிளாஸ்டிக் அல்லது மரத் தாங்கி, 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகு போதும். 304 கொஞ்சம் மலிவு, ஆனால் கடலோரத்தில் அதுவும் புள்ளிபுள்ளியாய்த் துருவேறும்.

ராடு உட்காரும் இடத்தில் ஃபோம் இருக்கட்டும். இறுக்கமான கிளிப் கார்பன் ராடைக் கீறும்; பெரிய மீன் இழுக்கும்போது அந்தக் கீறலில்தான் ஒடியும். ரீலோடு மாட்டுவதானால் ராடுக்கு ராடு 4 அங்குலமாவது இடைவெளி. படுக்கைவாட்டில் 7 அடி ராடுக்குத் இரண்டு தாங்கிகள் 3 முதல் 4 அடி தள்ளி இருந்தால் நுனி தொங்காது.

சுவரின் சிமென்ட் பூச்சில் மட்டும் நிற்கும் திருகு கழன்றுவிடும். திருகைப் பிடிக்கும் பிளாஸ்டிக் பிளக் செங்கல்லுக்குள் இறங்க வேண்டும். ராடை நல்ல தண்ணீரில் அலசி, நரம்பு ஓடும் வளையங்கள் காய்ந்தபிறகே மாட்டுங்கள்.