இளையர் முகாமில் செய்தி கொடுக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

சிங்கப்பூரில் கோடை என்று தனியாக ஒன்று கிடையாது. ஜூன் பள்ளி விடுமுறையின் நான்கு வாரங்கள்தான் இங்கே கிறிஸ்தவ சபைகளின் இளையர் முகாம் காலம். செய்தி, அதாவது பிரசங்கம், கொடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் நல்ல பிரசங்கிகளே. ஞாயிறு ஆராதனைக்குத் தயாரிப்பதுபோலவே முகாமுக்கும் தயாரித்துக்கொண்டு வருவதில்தான் சறுக்குகிறார்கள்.

முதலில் நேரக் கணக்கு. நிகழ்ச்சி நிரலில் 'செய்தி: 7.30 – 8.30' என்று இருந்தால் அறுபது நிமிடமும் உங்களுடையது அல்ல. பாட்டு நீளும், அறிவிப்பு நுழையும், இன்னும் குளித்து முடிக்காத குழுவுக்காக எல்லாரும் காத்திருப்பார்கள். கையில் நிற்பது 35 நிமிடம். அதில் 25 நிமிடத்துக்கு மட்டும் தயாரியுங்கள். மொழிபெயர்ப்பாளர் உண்டென்றால் அதுவும் பாதியாகும். 12 நிமிடச் சரக்கே 25 நிமிடத்தை நிரப்பிவிடும். இதை மறந்து முழுக் குறிப்போடு வந்தவர் கடைசிப் பத்து நிமிடத்தில் மூன்றாம் பகுதியை ஓட்டமாய் ஓட்டுவார். சொல்ல வந்த விஷயமே பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

மொழிபெயர்ப்பு கெடுவதற்கு மொழிபெயர்ப்பாளர் மட்டும் காரணமல்ல. தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும். ஆங்கிலத்தில் சொல்லவேண்டியவர் அது வரும்வரை வாய் திறக்க முடியாது. 'அண்ணன்மாரால் குழியில் போடப்பட்டு, இஸ்மவேலருக்கு விற்கப்பட்டு, எகிப்துக்குக் கொண்டுபோகப்பட்ட யோசேப்பு' என்று இழுத்தால் அவர் பாதியைத் தொலைத்துவிடுவார். 'யோசேப்பை அண்ணன்மார் குழியில் போட்டார்கள். இருபது வெள்ளிக்காசுக்கு விற்றார்கள். எகிப்தில் போத்திபார் வாங்கினான்.' இப்படி நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்கள். வசனங்களின் பட்டியலை முந்தின நாளே அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

வேதாகமத் தமிழ் இன்னொரு சுவர். இங்குள்ள பிள்ளைகள் பலர் தமிழைக் கேட்டுப் புரிந்துகொள்வார்கள். வாசிப்பது ஆங்கில வேதாகமம். 'யாத்திராகமம் மூன்றாம் அதிகாரம்' என்றால் பக்கம் புரளாது. 'எக்ஸோடஸ் மூன்று' என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். கலாத்தியர் 5-இல் வரும் 'இச்சையடக்கம்' போன்ற சொல்லை அப்படியே விட்டுப் போகாதீர்கள். இரவு பதினொரு மணிக்குக் கைப்பேசியைக் கீழே வைக்க முடிவதும் அதுதான் என்றால் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

தமிழ்நாட்டுப் 'பிளஸ் டூ' உதாரணங்கள் இங்கே எடுபடாது என்பது தெரிந்ததே. தெரியாமல் புண்படுத்துவது வேறொன்று: மதிப்பெண்ணை வைத்து உயர்நிலைப் பள்ளியில் வகுத்திருந்த 'எக்ஸ்பிரஸ்', 'நார்மல்' பிரிவுகளின் பெயரால் பிள்ளைகளைப் பிரித்துப் பேசுவது. 2024-இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்கள் தொடங்கி அந்தப் பிரிவுகளே இல்லை. பழைய பெயரைச் சுமந்த அண்ணன், அக்காமாரும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள்.

தேசிய சேவையில் (கட்டாய ராணுவப் பணி போன்றவற்றில்) இருப்பவர்கள் பெரும்பாலும் வெள்ளி இரவு 'புக் அவுட்' செய்து, அதாவது படைமுகாமிலிருந்து அனுமதியோடு வெளியே வந்து, பாதியில்தான் இந்த முகாமுக்கு வந்து சேர்வார்கள். முதல் செய்தியைக் கேட்டால்தான் மூன்றாவது புரியும் என்ற தொடர் அவர்களை வெளியே நிறுத்திவிடும். ஒவ்வொரு செய்தியும் தனியாக நிற்கட்டும். முந்தையதை இரண்டே வாக்கியத்தில் நினைவுபடுத்தினால் போதும். மதியப் பிரியாணிக்குப் பின், இரண்டு மணி வேளையில் உங்களிடம் செய்தி கேட்டால் மறுத்துவிட்டு, குழுக் கலந்துரையாடல் கேளுங்கள். அதிகாலைத் தியானத்தைத் திறந்தவெளியில் வைத்திருந்தால், கூரையுள்ள இடம் ஒன்றையும் பார்த்து வையுங்கள். ஜூன் மாதத்து 'சுமத்ரா' காற்றுமழை விடியற்காலையில்தான் அதிகம் அடிக்கும். திரையில் காட்டுவதைப் பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோங்கள். அடுத்தவர் மடிக்கணினியில் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் வசனம் கட்டங்கட்டமாய்த் தெரியும்.

வெளிநாட்டிலிருந்து வருபவர் சுற்றுலா அனுமதியில் வந்து சமயச் செய்தி கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நினைப்பது பெரிய தவறு. மனிதவள அமைச்சின் 'மிசலேனியஸ் ஒர்க் பாஸ்' என்ற குறுகிய கால வேலை அனுமதி வேண்டும். அதிகபட்சம் 60 நாள். அழைக்கும் சபையே விண்ணப்பிக்க வேண்டும்.

பள்ளித் தோழர்களாக வந்த இந்து, பௌத்தப் பிள்ளைகளும் முன்வரிசையில் இருக்கலாம். மற்றச் சமயத்தைக் கேலி செய்து ஒரு சிரிப்பு வாங்குவது மரியாதைக்கேடு. அதோடு, 1990-இல் நிறைவேறிய சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் இந்த நாட்டில் வெறும் ஏட்டில் உள்ள சட்டமும் அல்ல.

கடைசி இரவு அழைப்பில்தான், அதாவது விசுவாசத்துக்கு ஒப்புக்கொடுக்க முன்வரச் சொல்லும் நேரத்தில்தான், அனுபவசாலிகளும் தவறுகிறார்கள். மூன்று இரவு சரியாகத் தூங்காத பிள்ளைகள், மங்கிய விளக்கு, மெல்லிய கீபோர்டு. அந்த நேரத்தில் 'யாருக்கெல்லாம் வாழ்க்கை மாறணும்?' என்று கேட்டால் எல்லாக் கையும் உயரும், ஏன் உயர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு அழைப்பு கொடுங்கள். அதற்கு என்ன பொருள் என்று முன்னமே சொல்லுங்கள். உட்கார்ந்திருப்பவரைக் கூச்சப்படுத்தாதீர்கள். பெற்றோர் கிறிஸ்தவர் அல்லாத சிறுவர் முன்வந்தால், அதன் பிறகு எடுக்கும் எந்த அடியும் அவர்கள் வீட்டுக்குத் தெரிந்தே நடக்கட்டும்.

அழைப்புக்குப் பின் தனியாகப் பேச வருவார்கள். மூடிய அறை வேண்டாம். பிறர் கண்ணில் படும் இடத்தில், இன்னொரு தலைவரும் அருகில் இருக்க, உட்காருங்கள். 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். வீட்டில் அடி, பாலியல் தொல்லை, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் என்று எது வந்தாலும் அன்றிரவே முகாம் பொறுப்பாளரிடம் போகவேண்டும். தற்கொலைத் தடுப்புக்கு உதவும் எஸ்ஓஎஸ் (சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர்) அமைப்பின் 1767 எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. பிள்ளையின் குழுவை நடத்தும் அக்காவையும் அப்போதே அறிமுகப்படுத்திவிடுங்கள். நீங்கள் ஞாயிறு கிளம்பிவிடுவீர்கள். அடுத்த சனிக்கிழமை இளையர் கூட்டத்தில் அந்தப் பிள்ளையைப் பார்க்கப்போவது அவர்தான்.