ஒன்ராறியோவில் முதியோர் இல்ல வேலைக்குப் போகிறீர்களா?

பி.எஸ்.டபிள்யூ. என்ற பராமரிப்பு உதவியாளர் படிப்பை முடித்து, நீண்டகாலப் பராமரிப்பு இல்லம் ஒன்றில் முதல் ஷிஃப்டுக்குப் போகப் போகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். யாரையும் தனியாகத் தூக்காதீர்கள்.

நான் தூக்கினேன். சேர்ந்து இரண்டாவது மாதம், இரவு ஷிஃப்ட். ஒரு அம்மா கட்டில் விளிம்பிலிருந்து சரிந்துகொண்டிருந்தார். கூட வேலை செய்பவர் வேறு அறையில் இருந்தார். வீட்டில் அம்மம்மாவைத் தூக்குவதுபோலக் கக்கத்தில் கை கொடுத்து இழுத்து ஏற்றினேன். இடுப்பில் சுள்ளென்றது. வந்தவுடனேயே குறை சொல்கிறாள் என்று நினைப்பார்களோ என்ற பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. நான்காம் நாள் குனிந்து சப்பாத்துப் போட முடியவில்லை. எங்கே, எப்போது நடந்தது என்று கேட்டபோது காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட என்னிடம் இல்லை.

சரிபவரைப் பிடித்து நிறுத்தப் பார்க்காதீர்கள். மெதுவாகத் தரையில் இறங்க விட்டு, பெல்லை அடியுங்கள். நர்ஸ் வந்து பார்க்கும்வரை அவரைத் தூக்கக் கூடாது.

ஆட்களைத் தூக்கி மாற்றும் இயந்திரமான லிஃப்டைப் பாவிக்கும்போது பெரும்பாலான இல்லங்களில் இரண்டு பேர் நிற்க வேண்டும் என்பது விதி. "ஆள் இல்லை, நீயே செய்" என்று யாராவது சொன்னால், காத்திருங்கள். ஆளைத் தாங்கும் துணியான ஸ்லிங் அவருடைய அளவுதானா, தையல் பிரிந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். கொக்கிகளில் மாட்டியதும் ஒரு சாண் உயர்த்தி நிறுத்தி, எல்லா வளையமும் சரியாக இருக்கின்றனவா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். அரை நிமிட வேலைதான்.

மறதி நோய் உள்ளவர்கள் சில நேரம் அடிப்பார்கள், நகத்தால் கீறுவார்கள். அவர்கள்மேல் கோபப்பட ஒன்றுமில்லை, அது நோய். ஆனால் "இதெல்லாம் இந்த வேலையில் சகஜம்" என்று விழுங்கிவிடாதீர்கள். வேலையிடத்து வன்முறை பற்றிய விதிகள் 2010 முதல் ஒன்ராறியோ சட்டத்தில் இருக்கின்றன. நடந்ததை எழுதிக் கொடுத்தால்தான் அடுத்த ஷிஃப்டில் வருபவருக்கு எச்சரிக்கை போகும்.

ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. ஆனால் பராமரிப்பு இல்லங்களில் அதற்கு வரம்பு இருக்கிறது. நீங்கள் மறுப்பதால் இன்னொருவரின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ நேரடியாக ஆபத்து வரும் என்றால் மறுக்க முடியாது. உங்களுக்கு வரும் ஆபத்து அந்த வேலையோடு இயல்பாகவே வருவது என்றாலும் மறுக்க முடியாது. கிழிந்த ஸ்லிங்கில் ஒருவரை ஏற்ற மாட்டேன் என்று சொல்லலாம்; ஏற்றிய பிறகு பாதியில் விட்டுப் போக முடியாது. பாதுகாப்பைப் பற்றிக் கேட்டதற்காக உங்களைத் தண்டிப்பதோ வேலையை விட்டு நிறுத்துவதோ சட்டவிரோதம்.

காயப்பட்டால் அன்றைக்கே சூப்பர்வைசரிடம் சொல்லி எழுத வையுங்கள், பிரதி ஒன்றை வாங்கி வையுங்கள். டாக்டரிடம் போனால், வேலையில் நடந்தது என்று வாய் திறந்து சொல்லுங்கள். அப்புறம், வேலையில் காயப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரும் டபிள்யூ.எஸ்.ஐ.பி. என்ற வாரியத்துக்கு நீங்கள் நிரப்ப வேண்டியது படிவம் 6. அதற்கு 6 மாதம் அவகாசம். காயப்பட்ட நாளின் முழுச் சம்பளத்தையும் முதலாளிதான் தர வேண்டும். சிக் லீவு எடுத்துக்கொண்டு பேசாமல் இரு என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள்.

கை கழுவுதல், கவுன், முகக்கவசம் எல்லாம் இல்லத்திலேயே சொல்லித் தருவார்கள். என்95 மட்டும், உங்கள் முகத்துக்குப் பொருந்துகிறது என்று சோதித்துப் பார்த்த வகையையே போடுங்கள்.

20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் தொழிலாளர்களும் நிர்வாகமும் சேர்ந்த பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். அதில் இருப்பவர்களின் பெயர்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கும். முதல் நாளே போய் வாசித்து, அவர்களில் ஒருவரிடம் உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள். உள்ளே கேட்டும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் தொழில் அமைச்சின் 1-877-202-0008 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.