அரத்தை அப்புறம் எடுக்கலாம்

சித்தப்பா மகன் ஜோஹன்னஸ்பர்க்கில் பழைய டூ-ஸ்ட்ரோக் பைக், யமஹா டிடி 175 ஒன்றை வாங்கி, பக்கியில் (பிக்கப் வண்டியில்) ஏற்றி டர்பனுக்குக் கொண்டுவந்தான். அங்கே பறந்த வண்டி மூன்றாம் நாளே சாட்ஸ்வொர்த் மேட்டில் சீஸ் ஆகி, அதாவது பிஸ்டன் சிலிண்டரில் இறுகி, நின்றது. கழற்றிப் பார்த்தால், பிஸ்டனில் எக்ஸாஸ்ட் பக்கம் நெடுகக் கீறல். சிலிண்டர் சுவரில் அலுமினியம் அப்பியிருந்தது.

"ஆயில் பத்தல போலண்ணே" என்றான். ஆயிலில் குறையில்லை. கோளாறு ஜெட்டில், அதாவது கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் துளையில்.

ஜோஹன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல். அந்த மெல்லிய காற்றுக்கு ஏற்ற சின்ன மெயின் ஜெட் உள்ளே இருந்தது. டர்பனின் அடர்ந்த காற்றுக்கு அது விடும் பெட்ரோல் போதாது; சூடேறி பிஸ்டன் வீங்கிப் பிடித்துக்கொள்ளும். பெரிய ஜெட் மாற்றாமல் ஆயிலைக் கூட்டுவது அடுத்த தவறு. ஆயில் பம்பை எடுத்துவிட்டு டேங்கில் பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஓட்டும் வண்டி அது. லிட்டருக்கு 25 மில்லி என்பதை 50 ஆக்கினால், அதே துளையில் போகும் பெட்ரோல் இன்னும் குறையும்.

பையன்களுக்கோ அரத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது. எக்ஸாஸ்ட் போர்ட்டை, அதாவது சிலிண்டர் சுவரில் புகை வெளியேறும் வாயை, ராவி ஒரு மில்லிமீட்டர் உயர்த்தினால் மேல் வேகம் கூடலாம். கீழே இழுவை போய்விடும். பின்னால் ஆளை வைத்துக்கொண்டு நம்ம ஊர் மேடுகளில் ஏறிப் பாருங்கள், தெரியும். ராவிய உலோகம் திரும்ப வராது. அகலத்தையும் இஷ்டத்துக்குக் கூட்டினால் பிஸ்டன் ரிங் அதில் மாட்டி உடையும். போர் போட்டு (உட்சுவரைக் கடைந்து) வந்த சிலிண்டரில் போர்ட் ஓரங்களை லேசாக மழுக்காமல் மாட்டினாலும் அதே கதிதான்.

சிலிண்டருக்கு அடியில் வரும் பேஸ் கேஸ்கெட்டைக் கையில் கிடைத்த தடிமனில் போடாதீர்கள். சிலிண்டரே உயர்ந்து போர்ட் நேரம் மாறும், கம்ப்ரஷனும் இறங்கும். பிஸ்டன் தலைமேல், அதைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் பின்னுக்கு நேராக, இரு ஓரத்திலும் ஈயக்கம்பி வைத்து, ஹெட்டை மாட்டி, இன்ஜினைக் கையால் ஒரு சுற்று சுற்றுங்கள். நசுங்கிய நுனியை வெர்னியரில் அளந்தால் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி தெரிந்துவிடும்.

ஐட்லிங் தானாக ஏறி, இறங்க அடம்பிடித்தால் கார்புரேட்டரையே நோண்டிக்கொண்டிருக்க வேண்டாம். கிராங்கின் மேக்னெட் பக்க ஆயில் சீல் காற்று இழுக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம், பிஸ்டன் பின்னை நகராமல் பிடிக்கும் வளையமான பழைய சர்க்லிப்பைத் திரும்பப் போடாதீர்கள். சில ரேண்டில் புதுசு கிடைக்கும். பழையது கழன்றால் சிலிண்டர் போச்சு.