சிஸ்கோ ஸ்விட்சில் டிஎன்எஸ் அமைப்பது எப்படி

சிஸ்கோ ஸ்விட்சில் வேலை பழகும் எல்லோரும் இதைப் பார்த்திருப்பீர்கள். "எனேபிள்" என்று அடிக்கப் போய் ஒரு எழுத்து மாறிவிடும், உடனே "ட்ரான்ஸ்லேட்டிங்" என்று ஒரு வரி, பக்கத்தில் 255.255.255.255, அப்புறம் சிறிது நேரம் எதை அடித்தாலும் அசையாது. நீங்கள் அடித்தது கட்டளை இல்லை என்றதும் ஸ்விட்ச் அதை ஏதோ ஒரு கணினியின் பெயர் என்று எடுத்துக்கொண்டு டெல்நெட்டில் (இன்னொரு கருவிக்குள் தொலைவிலிருந்து நுழையும் வழி) அங்கே போகப் பார்க்கிறது. அந்தப் பெயருக்கு ஐபி முகவரி வேண்டும், பெயருக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ் சர்வர் எது என்று யாரும் சொல்லவில்லை, அதனால் பிராட்காஸ்டில், அதாவது நெட்வொர்க்கில் உள்ள எல்லோரிடமும் (அதுதான் அந்த 255.255.255.255), கேட்டுவிட்டுக் காத்திருக்கிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், 6 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வெளியே வரலாம்.

இதற்குப் பலரும் சொல்லும் வைத்தியம் டிஎன்எஸ் தேடலையே நிறுத்தும் "நோ ஐபி டொமைன் லுக்கப்". எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அதைப் போட்டால் பிங், ட்ரேஸ்ரூட், என்டிபி (நேரம் ஒத்திசைப்பது), டிஎஃப்டிபி (கோப்பு அனுப்புவது) என்று எங்கேயும் டிஎன்எஸ் பெயரைக் கொடுக்க முடியாது, எல்லாவற்றுக்கும் எண்தான். டிஎன்எஸ்ஸை ஒழுங்காக அமைத்து, கடைசியில் சொல்லும் ஒரு கட்டளையையும் கொடுத்துவிட்டால் இரண்டு பிரச்சினையும் தீரும். கட்டளைகளைத் தமிழில் ஒலிப்படி தருகிறேன், நீங்கள் ஆங்கிலத்தில் அடியுங்கள்.

முதலில் ஸ்விட்சுக்கே ஒரு முகவரி இருக்க வேண்டும், ஏனென்றால் இங்கே கேள்வி கேட்பது ஸ்விட்ச், அதில் செருகியிருக்கும் கணினிகள் அல்ல. டிஎன்எஸ் சர்வர் வேறு சப்நெட்டில் இருந்தால் அங்கே போக வழிவிடும் கேட்வேயும் வேண்டும்:

கான்ஃபிகர் டெர்மினல்
இன்டர்ஃபேஸ் விலான் 10
ஐபி அட்ரஸ் 192.168.10.2 255.255.255.0
நோ ஷட்டவுன்
எக்ஸிட்
ஐபி டிஃபால்ட்-கேட்வே 192.168.10.1

"ஐபி ரூட்டிங்" போட்ட லேயர் 3 ஸ்விட்ச் (ரூட்டர் வேலையும் தானே செய்வது) என்றால் கடைசி வரி வேலை செய்யாது. அதற்குப் பதிலாக "ஐபி ரூட் 0.0.0.0 0.0.0.0 192.168.10.1" என்று கொடுங்கள். இப்போது கான்ஃபிக் மோடிலிருந்து ("கான்ஃபிகர் டெர்மினல்" கொடுத்து நுழைந்த இடம்) வெளியே வந்து டிஎன்எஸ் சர்வரை எண்ணை வைத்தே பிங் செய்யுங்கள். பதில் வராவிட்டால் மேலே போகாதீர்கள், கோளாறு டிஎன்எஸ்ஸில் இல்லை, அதற்கு முன்னாலேயே இருக்கிறது. பதில் வந்தாலும் நடுவில் உள்ள ஃபயர்வால் டிஎன்எஸ் பயன்படுத்தும் யுடிபி 53-ஐ விடுகிறதா என்று கேட்டு வையுங்கள்.

சரி, இனி முக்கியமான மூன்று வரிகள், மறுபடி கான்ஃபிக் மோடில்:

ஐபி டொமைன் லுக்கப்
ஐபி நேம்-சர்வர் 192.168.20.5 192.168.20.6
ஐபி டொமைன் நேம் எக்ஸாம்பிள்.காம்

சிஸ்கோவின் பழைய ஐஓஎஸ் மென்பொருளில் டொமைனுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் ஹைஃபன் வரும். ஆறு சர்வர் வரை கொடுக்கலாம், ஆனால் நன்றாக ஓடுகிற ஒன்றை முதலில் வையுங்கள், முதலாவது செத்துக் கிடந்தால் ஸ்விட்ச் அதனிடம் கேட்டுக் காத்திருந்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகும். உங்கள் நெட்வொர்க்கின் உள் பெயர்கள் பொது டிஎன்எஸ் சர்வருக்குத் தெரியாது என்பதால் உள் சர்வரையே கொடுப்பது நல்லது. மூன்றாவது வரி இருந்தால் "கோர்1" என்று மட்டும் அடித்தால் போதும், மிச்சத்தை ஸ்விட்சே சேர்த்துக்கொள்ளும். எஸ்எஸ்ஹெச்சுக்காக (தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழையும் வழி) ஆர்எஸ்ஏ கீ உருவாக்கும்போதும் வழக்கமாக இந்த டொமைன் பெயரைக் கேட்கும், ஆகவே எப்படியும் தேவைப்படும்.

பலர் மணிக்கணக்கில் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. கேட்டலிஸ்ட் 9300 போன்றவற்றில் மேனேஜ்மென்ட் போர்ட் "எம்ஜிஎம்டி-விஆர்எஃப்" என்ற தனி விஆர்எஃப்பில் (மற்றதிலிருந்து பிரிந்த தனி ரூட்டிங் அட்டவணை) இருக்கும். அந்த வழியாகத்தான் டிஎன்எஸ் சர்வரை அடைய முடியும் என்றால் மேலே கொடுத்த நேம்-சர்வர் வரியால் பயனில்லை, "ஐபி நேம்-சர்வர் விஆர்எஃப் எம்ஜிஎம்டி-விஆர்எஃப் 192.168.20.5" என்று கொடுக்க வேண்டும். பிங் செய்யும்போதும் அந்த விஆர்எஃப்பைச் சொல்லித்தான் செய்ய வேண்டும்.

டிஎன்எஸ் சர்வரே விழுந்துபோகும் நாளும் வரும். அன்றைக்கு அவசியம் வேண்டிய இரண்டொரு பெயர்களை "ஐபி ஹோஸ்ட் கோர்1 192.168.10.1" என்ற மாதிரி ஸ்விட்சிலேயே எழுதி வைத்துவிடுங்கள். நிறைய எழுதாதீர்கள், முகவரி மாறும்போது ஒவ்வொரு ஸ்விட்சாகப் போய்த் திருத்த வேண்டிவரும்.

சோதிக்க, ஒரு பெயரைப் பிங் செய்துவிட்டு "ஷோ ஹோஸ்ட்ஸ்" பாருங்கள். "டெம்ப்" என்று இருப்பது டிஎன்எஸ் சொன்னது, "பெர்ம்" என்று இருப்பது நீங்கள் எழுதியது. ஒரு சர்வரின் முகவரியை மாற்றிய பிறகும் பழையதே வந்தால் "க்ளியர் ஹோஸ்ட் *" அடித்துவிட்டு மறுபடி பாருங்கள்.

கடைசியாக அந்த "ட்ரான்ஸ்லேட்டிங்" தொல்லை. மறுபடி கான்ஃபிக் மோடில் ("கான்" என்பது கன்சோல், "விடிஒய்" என்பது தொலைவிலிருந்து வரும் இணைப்புகள்):

லைன் கான் 0
ட்ரான்ஸ்போர்ட் ப்ரிஃபர்ட் நன்
லைன் விடிஒய் 0 15
ட்ரான்ஸ்போர்ட் ப்ரிஃபர்ட் நன்
எண்ட்

இனி தப்பாக அடித்த சொல்லை வைத்துக்கொண்டு ஸ்விட்ச் டெல்நெட் போகப் பார்க்காது, உடனே பிழை காட்டிவிட்டு ப்ராம்ப்ட்டுக்கு வந்துவிடும், டிஎன்எஸ்ஸும் வேலை செய்துகொண்டே இருக்கும். ஒருமுறை வேண்டுமென்றே தப்பாக அடித்துப் பாருங்கள். எல்லாம் சரியென்றால் "காப்பி ரன்னிங்-கான்ஃபிக் ஸ்டார்ட்அப்-கான்ஃபிக்" கொடுத்துச் சேமியுங்கள், இல்லாவிட்டால் அடுத்த ரீலோடில் அத்தனையும் போய்விடும்.