வானூர்திக்காகச் செய்த ஃபிலிமில் பினாங்கு மலைகள்

பினாங்குக் கொடிமலையின் உச்சியில், கடல் மட்டத்திலிருந்து 833 மீட்டர் உயரத்தில் நின்று வடக்கே நோக்கினால், நீரிணைக்கு அப்பால் நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில் கெடாவின் ஜெராய் மலை தெரியும். கடாரத்தை நாடி வந்த கப்பல்களுக்கு அடையாளமாக நின்ற 1,217 மீட்டர் மலை அது. கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிற நாளில்கூட, வழக்கமான கருப்புவெள்ளை ஃபிலிமில் அது வெளிறிய ஒரு கோடாகத்தான் பதிகிறது. பல ஆண்டுகள் இது என் கைப்பழக்கத்தின் குறை என்றே எண்ணியிருந்தேன். உண்மைக் காரணம் காற்றில் இருக்கிறது. அதற்கான தீர்வு, வானூர்தியிலிருந்து நிலத்தை அளப்பதற்காகச் செய்யப்பட்ட ஃபிலிமில் இருக்கிறது.

காற்றின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கும்போது, அலைநீளம் குறையக் குறையச் சிதறல் நான்காம் அடுக்கில் பெருகுகிறது. 450 நானோமீட்டர் நீல ஒளி, 700 நானோமீட்டர் சிவப்பொளியைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு சிதறுகிறது. தொலைவிலுள்ள மலையின் மேல் விழுந்து கிடக்கும் அந்த நீலத் திரையை ஃபிலிமின் கண்ணிலிருந்து மறைத்துவிட்டால் மலை வெளிப்படும். பொதுவான ஃபிலிம்களின் பார்வை 650 நானோமீட்டரை ஒட்டி நின்றுவிடுகிறது. பல ஆயிரம் அடி உயரத்திலிருந்து கீழே பார்க்கும் வானூர்திக் கேமராவுக்கு இது போதாது என்பதால், வான்வழி ஃபிலிமின் பார்வையை ஏறத்தாழ 750 வரை நீட்டினார்கள். பச்சை இலைகள் ஒளியைத் திருப்பி அனுப்பும் அளவு திடீரென உயர்வதும் 700-ஐத் தாண்டிய அந்தப் பகுதியில்தான். காடு மூடிய நம் மலைகளுக்கு இந்த ஃபிலிம் இவ்வளவு பொருந்துவதற்கு அதுவே காரணம்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். சுமத்ராவில் காடு எரியும் மாதங்களில் வரும் புகைமூட்டத்தை இந்த ஃபிலிம் விலக்காது. புகைத்துகள்களும் பனியின் நீர்த்துளிகளும் காற்று மூலக்கூறுகளைவிட மிகப் பெரியவை. அவை எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிக்கின்றன. முந்தைய இரவு நல்ல மழை பெய்து, காலையில் பனி விலகிய பின் தொலைவு நீலமாகத் தெரிகிற நாளே இதற்கு உரிய நாள்.

இந்த வகை ஃபிலிமை இரண்டு வழிகளில் பெறலாம். எளிய வழி, வான்வழி ஃபிலிமை 35 மி.மீ. அல்லது 120 அளவில் வெட்டி வேறு பெயரில் விற்பதை வாங்குவது. பெல்ஜியத்தின் மோர்ட்செல் நகரில் அக்ஃபா-கெவர்ட் நிறுவனம் தயாரித்த அவிஃபோட் பான் வகைகளே இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மூலம். 2005-இல் நொடித்துப்போனது, அதற்கு முந்தைய ஆண்டு தனியாகப் பிரிந்த அக்ஃபாஃபோட்டோ என்ற நுகர்வோர் பிரிவு. வான்வழி ஃபிலிம் மோர்ட்செலில் தொடர்ந்தது. ரோலை என்ற பெயரில் வரும் ரெட்ரோ 80எஸ், அவிஃபோட் பான் 80-ஐச் சார்ந்தது. சூப்பர்பான் 200, ரெட்ரோ 400எஸ், இன்ஃப்ராரெட் 400 ஆகியவை அவிஃபோட் பான் 200-இன் குடும்பத்தைச் சேர்ந்தவை. முதன்முதலில் முயல்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது ரெட்ரோ 80எஸ். படத்தை உருவாக்கும் அதன் வெள்ளி மணிகள் மிக நுண்ணியவை. மலைச்சரிவின் மரங்களைத் தனித்தனியே காட்டும்.

இரண்டாவது வழி, காலாவதியான அசல் வான்வழிச் சுருளை இணைய ஏலங்களில் வாங்குவது. கோடக்கின் ப்ளஸ்-எக்ஸ் ஏரோகிராஃபிக், டபுள்-எக்ஸ் ஏரோகிராஃபிக், பனடாமிக்-எக்ஸ் ஏரிகான் போன்ற பெயர்கள் அங்கே தென்படும். அகலத்தை முதலில் கேட்டறியுங்கள். 70 மி.மீ. சுருளை, கேமராவின் பின்புறம் பொருத்தும் அதற்கென உள்ள பெட்டியில்தான் போட முடியும். 5 அங்குலச் சுருள், தனித் தாள் ஃபிலிமில் எடுக்கும் 4×5 அங்குலக் கேமரா வைத்திருப்பவர்களுக்கு மிக ஏற்றது. ஆனால் தாளைப் பிடிக்கும் ஹோல்டருக்குள் நுழைய, அகலத்தில் ஒன்றரை மில்லிமீட்டரை நறுக்கி எடுத்துவிட வேண்டும். 24 சென்டிமீட்டர் சுருளைப் பன்னிரண்டரை சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டினால், ஒவ்வொன்றிலும் இரண்டு தாள் கிடைத்து, நான்கு சென்டிமீட்டர் மிஞ்சும். இவை அனைத்தையும் முழு இருட்டில் செய்ய வேண்டும். எல்லா நிறத்தையும் பார்க்கும் ஃபிலிமுக்குச் சிவப்பு விளக்கும் ஆகாது.

வெட்டிய தாளில் பக்கம் காட்டும் வெட்டுக்குறி இருக்காது. ஜார்ஜ்டவுனில் ஸ்டூடியோ நடத்திய ஒரு பெரியவர் எனக்குக் கற்றுத் தந்த முறை இது: "உதட்டு ஓரத்துல லேசா வெச்சுப் பாருங்க தம்பி, ஒட்டுற பக்கம்தான் மருந்து." ஒளியைப் பதிக்கும் பூச்சைத்தான் அவர் மருந்து என்றார். தாளின் மூலையை மட்டும் ஈர உதட்டில் தொட்டால் போதும்; ஜெலட்டின் பக்கம் பற்றிக்கொள்ளும். இந்தத் தாள் வழக்கமான தாள் ஃபிலிமைவிட மெல்லியது என்பதால், கேமராவைக் கீழ்நோக்கிச் சாய்த்தால் ஹோல்டருக்குள் சற்றே வளையக்கூடும். கொடிமலையிலிருந்து நகரத்தைப் படமெடுக்கும்போது இதைக் கவனத்தில் கொள்ளுங்கள்.

அடிப்படைப் பொருள் பாலியெஸ்டர் என்பது பலரை ஏமாற்றுகிறது; என்னையும் ஏமாற்றியது. தெளிந்த பாலியெஸ்டர், கண்ணாடி இழையைப் போல ஒளியைத் தனக்குள் கடத்திச் செல்லும். பினாங்குத் தீவின் பாலேக் பூலாவ் வயல்வெளியில், முற்பகல் வெயிலில் நின்றபடியே நான் மாற்றிய முதல் சுருளில், வெளியே நீட்டிக்கொண்டிருந்த நுனி வழியே வெளிச்சம் புகுந்து முதல் ஐந்து படங்களையும் கரும்பட்டைகளாக்கிவிட்டது. கறுப்பு டப்பாவிலிருந்து எடுப்பதையும் கேமராவில் பூட்டுவதையும் நிழலில், முடிந்தால் வண்டிக்குள் குனிந்து, செய்து முடியுங்கள். பாலியெஸ்டர் கையால் கிழியாது. சுருள் சிக்கினால் மோட்டார் கேமராவின் பற்சக்கரந்தான் உடையும். ஆகவே கையால் சுற்றும் கேமராவே பாதுகாப்பு.

பெட்டியில் அச்சிட்ட வேக எண்ணை (ஐஎஸ்ஓ) அப்படியே நம்பக் கூடாது என்பதே இந்த ஃபிலிமில் நான் கற்றவற்றுள் முதன்மையானது. வழக்கமான ஃபிலிமின் வேகத்தை, ஒளி படாத ஃபிலிமிலும் இருக்கும் அடிமூட்டத்துக்கு மேல் 0.1 அடர்த்தி உண்டாகும் இடத்தில் அளக்கிறார்கள். வான்வழி ஃபிலிமுக்கு அது 0.3. மேலும், உயரத்திலிருந்து பார்க்கும் நிலத்தில் ஒளி வேறுபாடு குறைவு என்பதால், இந்த ஃபிலிமை உயர்ந்த கான்ட்ராஸ்ட்டுக்கென்றே செய்திருக்கிறார்கள். தரையில் நிற்கும் நமக்கோ, பினாங்கு வெயிலில் வேறுபாடு ஏற்கெனவே மிகுதி. அச்சிட்ட எண்ணுக்கே எடுத்தால் நிழல்கள் வெறுமையாகி, மேகங்கள் சுண்ணாம்பாகிவிடும். ரெட்ரோ 80எஸ்-ஐ 40 என்றும், சூப்பர்பான் 200-ஐ 100 என்றும் ஒளியளக்கும் மீட்டரில் வைத்து, டெவலப் செய்யும் நேரத்தைக் குறைப்பதே சரியான வழி.

ஃபில்டர் இல்லாமல் எடுத்தால் இந்த ஃபிலிமின் பயன் பாதிகூடக் கிடைக்காது. நீலத்தை முழுதாகத் தடுக்கும் மஞ்சளில் தொடங்கி, 25 எண் சிவப்புக்குச் செல்லுங்கள். தொலைமலைக்கு அதுவே என் தேர்வு. அதற்கு மூன்று ஸ்டாப் கூட்ட வேண்டும்; ஒரு ஸ்டாப் என்பது ஒளியை இரு மடங்காக்குவது. கேமராவுக்குள் இருக்கும் மீட்டர் சிவப்பு ஃபில்டர் வழியே பிழையாகப் படிக்கக்கூடும் என்பதால், ஃபில்டரைக் கழற்றி அளந்து, பிறகு மூன்று ஸ்டாப்பைச் சேருங்கள். 720 நானோமீட்டர் ஃபில்டர் போட்டால் ரப்பர் மரங்களும் தென்னையும் வெண்மையாகி, கடல் கறுத்துவிடும். அழகுதான், ஆனால் எல்லாக் காட்சிக்கும் அதையே மாட்டினால் நம் மண்ணின் பசுமை பனிநாடு போல் ஆகிவிடுகிறது. அதை விரும்புவோர் ஐந்து ஸ்டாப்பில் தொடங்கி, மேலும் இரண்டு ஸ்டாப் வரை படிப்படியாகக் கூட்டி எடுத்துப் பார்க்க வேண்டும். அந்த ஃபில்டர் வழியே கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. முக்காலியில் சட்டத்தை அமைத்து, ஃபோகஸ் செய்து, லென்ஸின் துளையை எஃப்/11-க்கு மூடிய பிறகே அதைப் பொருத்துங்கள்.

டெவலப் செய்வதில் பினாங்குக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு: குழாய்த் தண்ணீரே 28 டிகிரியை ஒட்டி வருகிறது. டெவலப்பர், ஃபிக்சர், கழுவும் நீர் ஆகிய மூன்றையும் ஐஸ் போட்ட தொட்டியில் வைத்து ஒரே வெப்பநிலைக்குக் கொண்டுவாருங்கள். 20 டிகிரியில் நிறுத்துவது கடினமாக இருந்தால், 24-இல் நிலைநிறுத்தி நேரத்தைப் பத்தில் மூன்று பங்கு குறைக்கலாம். 10 நிமிடம் 7 நிமிடமாகும். நான் ரோடினால் என்ற டெவலப்பரை 1:100 கலவையில், சுருளுக்கு மூல மருந்து 5 மில்லிலிட்டருக்குக் குறையாமல் ஊற்றி, முதல் நிமிடம் மட்டும் தொடர்ந்து அசைத்து, பின்னர் சில நிமிடங்களுக்கு ஒரு முறை மெதுவாகத் திருப்புகிறேன். அசைவு குறைந்தால் மேகத்தின் மேல் உள்ள மருந்து சீக்கிரம் களைத்துவிடும். நிழலின் மேல் உள்ளது தொடர்ந்து வேலை செய்யும். நேரத்தை ஒரு சோதனைச் சுருளில் நீங்களே உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஃபிலிமை ரீலில் ஏற்றும் வேலையை இரவில், குளிர்சாதன அறையில் வைத்துக்கொள்வது நல்லது. பகலில், ஒளி புகாத மாற்றுப்பைக்குள் கைகளை விட்டால் சில நிமிடங்களில் வியர்வை ஊறி, மெல்லிய ஃபிலிம் ரீலின் பள்ளத்தில் ஒட்டிக்கொள்ளும். 35 மி.மீ. சுருள் என்றால் கத்தரிக்கோலையும் உள்ளே வையுங்கள். சுருளின் கடைசி நுனியைக் கிழித்தெடுக்க முடியாது.

மீதமுள்ள ஃபிலிமைக் காற்றுப் புகாத பையில் கட்டிக் குளிர்பெட்டியில் வையுங்கள். எடுத்தவுடன் பையைப் பிரித்தால் நம் ஊர் ஈரம் முழுவதும் அதன் மேல் படியும். மறுநாள் காலை மலையேறுவதென்றால், முந்தைய இரவே பையோடு வெளியே எடுத்து வைத்துவிட்டு உறங்கச் செல்லுங்கள்.