நாட்டுக்கொரு சட்டம்: புதுச்சேரி, கடலூரிலிருந்து வெளிநாடு வரும் பால்புதுமையருக்கு

பாரிசில் வந்து இறங்கும் புதுச்சேரிப் பால்புதுமையர் (தன்பாலின ஈர்ப்பாளர், திருநர், இடைப்பாலினர்) பலர், இங்கே எல்லாவற்றுக்கும் சட்டம் துணை நிற்கும் என்று நம்பி வருகிறார்கள். பாதிதான் சரி.

பிரான்சில் 2013 முதல் தன்பாலினத் திருமணம் செல்லும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் இங்கே வசித்தால் போதும். ஆனால் ஊரில் அது செல்லாது. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. வில்லியனூர் வீடு உங்கள் துணைக்குப் போய்ச் சேர வேண்டுமானால் இப்போதே உயில் எழுதிவையுங்கள். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

இடைப்பாலினக் குழந்தை, அதாவது ஆண், பெண் என்று தெளிவாகப் பிரிக்க முடியாத உடலோடு பிறக்கும் குழந்தை விஷயத்தில் நிலைமை தலைகீழ். உயிருக்கு ஆபத்து இருந்தாலொழிய பச்சைக் குழந்தைக்குப் பாலினத்தைத் 'திருத்தும்' அறுவை சிகிச்சை கூடாது என்று, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைத் தீர்ப்பையொட்டித் தமிழக அரசு 2019-ல் ஆணையிட்டது. கடலூருக்கு அது பொருந்தும். ஆற்றைத் தாண்டிப் புதுச்சேரிக்குள் போனால் வேறு அரசு, தமிழக ஆணை அங்கே கட்டுப்படுத்தாது. மால்டா 2015-லும் ஜெர்மனி 2021-லும் சட்டமாகவே தடுத்தன. பிரான்சின் 2021 சட்டமோ குழந்தையைச் சிறப்பு மையத்துக்கு அனுப்பச் சொல்வதோடு நிற்கிறது. என் மனத்தில் இது பெரிய குறை. ஆகவே மருத்துவர் அவசரப்படுத்தினால், "உயிருக்கு ஆபத்தா? காத்திருந்தால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள், இன்னொரு மருத்துவரிடமும் காட்டுங்கள். குழந்தை வளர்ந்து தானே சொல்லட்டும்.

சிங்கப்பூரில் ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவு 2023 ஜனவரியில் நீங்கியது, திருமணத்துக்கு வழியில்லை. மலேசியாவில் அத்தகைய உறவுக்கு இருபது ஆண்டுகள் வரை சிறையும் பிரம்படியும் இன்றும் சட்டத்தில் இருக்கின்றன. சவூதிக்கோ கத்தாருக்கோ வேலைக்குப் போகும் கடலூர்த் தம்பி தங்கைகளே, விமானம் ஏறும் முன் கைபேசியிலிருந்து தன்பாலினத் துணை தேடும் செயலிகளையும் அது சார்ந்த படங்களையும் நீக்கிவிடுங்கள். உங்கள் உயிர் எங்களுக்கு முக்கியம்.

திருநங்கையரும் திருநம்பியரும் பிறப்புச் சான்று, ஆதார், பாஸ்போர்ட் மூன்றிலும் பெயரையும் பாலினத்தையும் ஒன்றாக்கிக்கொண்டு கிளம்புவது நல்லது. ஒன்று மாறியிருந்தாலும் இங்கே ஒவ்வொரு அலுவலகத்திலும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். பிறப்புச் சான்றுக்கு, அது வெளிநாட்டில் செல்லுவதற்கான அப்போஸ்டில் முத்திரையையும் ஊரிலேயே வாங்கிவிடுங்கள்.

பாரிசில் தமிழர் கடைகள் நிறைந்த லா ஷப்பல் பக்கம் அறை தேடினால், நம்மவர்களே "கல்யாணம் ஆயிற்றா?" என்று கேட்பார்கள். பதில் சொல்லியாக வேண்டும் என்பதில்லை. நீங்கள் யார் என்பதைக் காரணம் காட்டி வீடு தர மறுப்பது பிரான்சில் குற்றம். குறுஞ்செய்தியில் மறுத்திருந்தால் அழிக்காமல் வைத்துக்கொண்டு 3928 என்ற எண்ணை அழையுங்கள். பாகுபாட்டுப் புகார்களுக்கென்றே அரசு வைத்திருக்கும் எண் அது.