குறுகிய காலமே இயங்கிய ஒரு போஸ்ட்-ஹார்ட்கோர் குழுவின் வரலாற்றை எழுதும் முறை

ஈராண்டு அளவே நிலைத்துக் கலைந்துபோன ஓர் இசைக்குழுவைப் பற்றி எழுத உட்காருபவர்களில் பலர், அக்குழுவினர் பின்னாளில் சேர்ந்த புகழ்பெற்ற குழுவிலிருந்தே கதையைத் தொடங்கிவிடுகிறார்கள். வாஷிங்டன் நகரில் 1984-இல் உருவாகி 1986-இன் தொடக்கத்தில் கலைந்த ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் குழுவுக்கு இது ஓயாமல் நேர்கிறது. வேகமும் சத்தமும் மிகுந்த ஹார்ட்கோர் பங்க் இசையிலிருந்து விரிந்த போஸ்ட்-ஹார்ட்கோர் என்ற ராக் வகையைச் சேர்ந்தது அக்குழு. அதில் பாடிக் கிட்டார் வாசித்த கை பிச்சியோட்டோவும் டிரம்ஸ் வாசித்த பிரெண்டன் கேன்டியும் பிறகு ஃபுகாஸி குழுவில் இடம்பெற்றதால், முந்தைய குழுவின் வாழ்வு முழுவதும் ஒரு முன்னுரையாகச் சுருங்கிவிடுகிறது. ஆனால் 1985-இல் மேடையேறிய அந்த நால்வருக்கும் ஃபுகாஸி என்று ஒன்று வரப்போகிறது என்பது தெரியாது. ஆகவே எந்தத் தேதியைப் பற்றி எழுதுகிறீர்களோ, அந்தத் தேதியில் குழுவினருக்குத் தெரிந்திருந்ததை மட்டும் வைத்து அந்தப் பகுதியை எழுதுங்கள். இந்த வழிகாட்டியில் நான் சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒரு கட்டுப்பாட்டைக் காப்பதற்கான வேலைகள்தாம்.

முதல் வேலை, தேதிகளை வரிசைப்படுத்துவது. ஒரு பெரிய தாளை எடுத்து, ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் பதிவான நாள், முதலில் வெளியான நாள், மறுவெளியீடு கண்ட நாள் என மூன்று கட்டங்களை ஒதுக்குங்கள். குறுகிய காலக் குழுக்களுக்கு இந்த மூன்றும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் 1984 ஏப்ரலில் பதிவுசெய்த ஆறு பாடல் டெமோ (முன்னோட்டப் பதிவு) 2012-இல்தான் இசைத்தட்டாக வந்தது. 1985 பிப்ரவரியில் பதிவுசெய்த எல்பி (முழுநீள இசைத்தட்டு) அதே ஆண்டில் வெளியானது. 1986 ஜனவரியில் பதிவுசெய்த நான்கு பாடல்களோ குழு கலைந்தபின் 1987-இல் வெளியாயின. வெளியீட்டு ஆண்டை மட்டும் பார்த்து எழுதுபவர், இல்லாத குழு ஒன்று 1987-இல் புதிய பாடல்களைத் தந்ததாக எழுதிவிடுவார். அதைவிடக் கடினமானது, பிச்சியோட்டோவும் கேன்டியும் அடுத்து வாசித்த ஒன் லாஸ்ட் விஷ் குழுவின் நிலை. 1986-இல் சில மாதங்களே இயங்கிய அக்குழுவின் பதிவுகள் ஆல்பமாக வெளிவந்தது 1999-இல். என்னுடைய முதல் வரைவில் அந்த ஆல்பத்தை 1999-இன் இசைச் சூழலோடு ஒப்பிட்டு ஒரு பத்தியே எழுதியிருந்தேன். பதிவு நாளைத் தாளில் குறித்தபோதுதான் அந்தப் பத்தி முழுவதையும் நீக்க வேண்டியதாயிற்று. அதன்பின் பதிவு நாள் கிடைக்காத எதைப் பற்றியும் நான் கருத்துச் சொல்வதில்லை.

அடுத்தது கச்சேரிப் பட்டியல். இதற்கு அச்சடித்த துண்டறிக்கைகளே சிறந்த சான்று. ஆனால் அவற்றை ஒட்டியவர்கள் நாளையும் கிழமையையும் எழுதினார்களே தவிர, ஆண்டை எழுதும் தேவை அவர்களுக்கு இருக்கவில்லை. இதற்கு நாட்காட்டி உதவும். ஒரு துண்டறிக்கையில் ஜூன் 21, வெள்ளிக்கிழமை என்று இருப்பதாகக் கொள்வோம். 1980 முதல் 1990 வரையிலான ஆண்டுகளில் ஜூன் 21 வெள்ளிக்கிழமையில் வந்தது 1985-இல் மட்டுமே. அதற்கு முன் 1974, அதற்குப் பின் 1991. குழு இயங்கிய காலத்தோடு பொருத்தினால் ஆண்டு தானாக உறுதியாகிவிடும். அதே துண்டறிக்கையில் உள்ள மற்ற குழுக்களின் பெயர்களையும் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். 1985 கோடையில் தொடங்கி 1986 மார்ச்சில் முடிந்த, அதே நகரின் எம்ப்ரேஸ் குழுவின் பெயர் அதில் இருந்தால், அந்தக் கச்சேரி எந்த மாதங்களுக்குள் நடந்திருக்க முடியும் என்பது உடனே தெரிந்துவிடும். துண்டறிக்கையில் பெயர் இருப்பதாலேயே அக்குழு அன்று வாசித்தது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. கடைசி நேரத்தில் வராமல்போனவர்களின் பெயரும் தாளில் அப்படியே இருக்கும். கச்சேரி உண்மையில் நடந்ததற்கு ஒரு கேசட் பதிவோ, புகைப்படமோ, அந்த மாதத்து ஃபேன்சைன் (ரசிகர்களே நடத்தும் சிற்றிதழ்) ஒன்றில் வந்த குறிப்போ வேண்டும்.

இசைத்தட்டைக் கையில் எடுத்துப் பார்ப்பதும் அவசியம். பாடல் முடிந்தபின் நடுவில் ஒட்டிய தாளை எட்டும்வரை ஒரு வெற்று வளையம் இருக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் அதில் கீறிய எண்களும், சில வேளைகளில் ஒரு சிறு வாசகமும் தெரியும். எந்த வார்ப்பிலிருந்து அந்தத் தட்டு அச்சானது என்பதை அந்த எண்களே காட்டும். உறையில் இருக்கும் பட்டியல் எண்ணும் உதவும். இந்தத் தட்டுகளை வெளியிட்ட டிஸ்கார்ட் நிறுவனம் 1980-இல் தொடங்கியதிலிருந்து வெளியீடுகளுக்கு வரிசையாக எண் கொடுத்துவந்தது; ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் எல்பி 16-ஆம் எண், நான்கு பாடல் தட்டு 22-ஆம் எண். இரண்டு எண்களுக்கும் நடுவில் வந்தவற்றைப் பட்டியலிட்டால், ஒரு சிறிய நிறுவனம் எந்த வேகத்தில் இயங்கியது என்பது கண்ணுக்குத் தெரியும்.

உறுப்பினர்களின் கிளைப்படம் வரைவதில் அதிக நேரம் செலவிட வேண்டாம் என்றாலும் ஒரு விதியைக் கடைப்பிடியுங்கள்: பெயருக்குப் பக்கத்தில் கருவியையும் எழுதுங்கள். பிச்சியோட்டோ, கேன்டி, பேஸ் வாசித்த மைக் ஃபெல்லோஸ் ஆகிய மூவரும் இன்சரெக்‌ஷன் குழுவிலிருந்து வந்தவர்கள். எடி ஜேனி ஃபெய்த் குழுவில் வாசித்தவர். ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்கில் கிட்டார் வாசித்த ஜேனி, ஒன் லாஸ்ட் விஷ்ஷில் பேஸுக்கு மாற, மைக்கேல் ஹாம்ப்டன் கிட்டாருக்கு வந்தார். பிறகு 1987-இல் பழைய நால்வருமே ஹேப்பி கோ லிக்கி என்ற பெயரில் முற்றிலும் வேறொரு இசையை வாசித்தார்கள். கருவிகளை எழுதாமல் பெயர்களை மட்டும் எழுதினால், ஒரே குழு மூன்று முறை பெயர் மாற்றிக்கொண்டதாக வாசகர் நினைத்துவிடுவார்.

இனி ஒலியைப் பற்றி எழுதுவது. வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் தவிர்க்கும் பகுதி இதுதான். எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுவதும் இதுவே. ஹார்ட்கோர் பங்க் பாடல்கள் பல இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அந்த வேகத்தையும் சத்தத்தையும் கைவிடாமல், பாடலின் அமைப்பையும் பாடுபொருளையும் விரித்தபோது போஸ்ட்-ஹார்ட்கோர் பிறந்தது என்று பொதுவாகச் சொல்லலாம். ஆனால் பொதுவாகச் சொல்வது வரலாறு ஆகாது. டெமோவில் உள்ள ஆறு பாடல்களும் பத்து மாதம் கழித்துப் பதிவான எல்பியிலும் இருக்கின்றன. ஒரே பாடலின் இரு பதிவுகளையும் அடுத்தடுத்து ஓடவிட்டு, கையில் கடிகாரத்தோடு கேளுங்கள். வேகம் கூடியதா குறைந்ததா, குரல் எந்த இடத்தில் உடைகிறது, இரண்டு கிட்டார்களும் எங்கே பிரிந்து தனித்தனி மெட்டைப் பிடிக்கின்றன என்று நொடிக் கணக்கில் எழுதுங்கள். எல்பியின் கடைசிப் பாடல் ஏழு நிமிடத்தைத் தாண்டி நீள்கிறது. அந்த நகரத்தின் ஹார்ட்கோர் ரசிகர் ஒருவருக்கு 1985-இல் அந்த நீளமே எவ்வளவு புதிதாக இருந்திருக்கும் என்பதை, முந்தைய ஆண்டுகளின் பாடல் நீளங்களைப் பக்கத்தில் வைத்தாலே விளங்கவைத்துவிடலாம்.

ஒலிப்பதிவு நடந்த இடத்தையும் விட்டுவிடாதீர்கள். இந்தக் குழுக்கள் பதிவுசெய்த இன்னர் இயர் ஒலிப்பதிவுக்கூடம், அக்காலத்தில் வாஷிங்டனை அடுத்த ஆர்லிங்டனில், அதை நடத்திய ஒலிப்பதிவாளர் டான் ஸியென்டாராவின் வீட்டுக்குள்ளேயே இருந்தது. பின்னர் தனிக் கட்டடத்துக்கு மாறி, 2021-இல் அந்த இடமும் மூடப்பட்டது. அறையின் அளவு, டிரம்ஸ் எங்கே வைக்கப்பட்டது, பாடியவர் எங்கே நின்றார் என்பவற்றைப் பார்த்தவர்களிடம் இப்போதே கேட்டு வைக்க வேண்டும்.

நேர்காணலில் ஆண்டைக் கேட்காதீர்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஆண்டு எண் எவருடைய நினைவிலும் சரியாக இருப்பதில்லை. அப்போது எந்த வீட்டில் குடியிருந்தீர்கள், பள்ளி முடிந்திருந்ததா, வண்டியை ஓட்டியவர் யார், ஆம்ப்ளிஃபயர் யாருடையது என்று கேட்டால், ஆண்டு தானாக வந்து நிற்கும். ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சந்தியுங்கள். பாடகரிடம் ஏற்கெனவே பலர் கேட்டிருப்பார்கள், அவருடைய பதில்களும் சொல்லிச் சொல்லித் தேய்ந்திருக்கும். டிரம்ஸ் வாசித்தவரிடமும், வாசலில் நுழைவுக் கட்டணம் வாங்கியவரிடமும் கேட்காமல்போன விவரங்களே மிகுதி. இருவர் கூற்றும் முரண்பட்டால் இரண்டையும் எழுதி, எதற்குத் தாள் சான்று உண்டு என்று சொல்லிவிடுங்கள். குடும்பத் துயரம், நோய், பணச் சண்டை ஆகியவற்றை உரியவரின் ஒப்புதல் இல்லாமல் அச்சிடுவது முறையன்று.

சொற்களிலும் காலத்தைக் காக்க வேண்டும். உணர்ச்சிகளை வெளிப்படையாகப் பாடும் இமோ என்ற இசைவகையின் தொடக்கமாக ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் பலராலும் சுட்டப்படுகிறது. குழுவினரோ அந்த அடையாளத்தை ஏற்கவில்லை. எனவே அந்தச் சொல்லை, பிறர் பின்னாளில் சூட்டிய பெயர் என்ற விளக்கத்தோடு, அது நிகழ்ந்த ஆண்டுக்குரிய இடத்தில் மட்டும் பயன்படுத்துங்கள்.

குழுவின் முடிவை எழுதும்போது, கடைசிக் கச்சேரி, கடைசி ஒலிப்பதிவு, கடைசி ஒத்திகை ஆகியவற்றில் எதை முடிவாகக் கொள்கிறீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். இத்தகைய குழுக்கள் பெரும்பாலும் அறிவிப்பு எதுவும் இல்லாமல் நின்றுபோனவை. திரட்டிய கேசட்டுகளையும் துண்டறிக்கைகளையும் கணினியில் ஏற்றும்போது கோப்பின் பெயரிலேயே நாளையும் தந்தவரையும் குறித்து, மூலப்பொருளை உரியவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரு பிரதியைப் பொது நூலகத்தில் சேர்ப்பது நல்லது. வாஷிங்டன் பொது நூலகம் 2014 முதல் அந்நகரின் பங்க் இசைக்கென்றே ஓர் ஆவணத் தொகுப்பைப் பேணிவருகிறது. கட்டுரையின் அடியில் கடைசியாகத் திருத்திய நாளை எழுதுங்கள். ஏனெனில் இன்னொரு கேசட் எந்த வீட்டுப் பரணிலிருந்தும் வந்து சேரலாம், அப்போது தாளின் முதல் கட்டத்திலிருந்தே மறுபடி சரிபார்க்க வேண்டியிருக்கும்.